இங்கிலாந்துக் குதிரைவீரனை வில்லுப்பாட்டில் ஏற்றுவது எப்படி

பள்ளி ஆண்டு விழாவோ, சர்ச்சில் அசனப் பண்டிகையோ, தெரு இளைஞர் மன்றத்துப் பொங்கலோ, ஏதோ ஒன்றுக்கு "இந்த வருசம் புதுசா எதாவது பண்ணுங்கல" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடைக்கால ஐரோப்பாவின் குதிரைவீரன் ஒருவனை, ஆங்கிலப் படங்களில் நைட் என்று இரும்பு மாட்டிக்கொண்டு வருவானே அவனை, வில்லுப்பாட்டில் போடுங்கள் என்பது என் யோசனை. சிரிக்க வேண்டாம். நம் பக்கத்து வில் சுடலைமாடனை மட்டுமா பாடியிருக்கிறது? காந்தியைப் பாடியிருக்கிறது, இயேசு பிறப்பைப் பாடியிருக்கிறது, குடும்பக் கட்டுப்பாட்டைக்கூடப் பாடியிருக்கிறது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா கோயில் கொடையைத் தாண்டி வில்லைக் கொண்டுபோய் 2021-ல் பத்மஸ்ரீ வரைக்கும் வாங்கினார். ஒரு வெள்ளைக்காரக் குதிரைவீரனை வில் தாங்காதா என்ன.

முதலில் யாரைப் பாடுவது என்று முடிவு பண்ணுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். எல்லோரும் உடனே ஆர்தர் அரசன், லான்ஸ்லாட் என்று ஓடுவார்கள். வேண்டாம். 12-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கிரெத்தியன் த த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் எழுதிய கதைகளில் வரும் வீரன் அரண்மனையை விட்டுத் தனியாகக் கிளம்புவான், காட்டுக்குள் போவான், ஆற்றுத் துறையில் மறிப்பவனோடு சண்டை போடுவான், ஒரு பெண்ணை மீட்பான், தோற்றவனை "போய் ராஜாகிட்ட சொல்லு" என்று அனுப்பிவிட்டு அடுத்த காட்டுக்குள் நுழைவான். வாசிக்க அருமையாக இருக்கும், ஆனால் வில்லுக்கு ஒத்துவராது. வில்லுக்குப் பிறப்பு வேண்டும், சாவு வேண்டும், நடுவில் ஒருத்தன் வளர்ந்து கெட்டுத் தேறுகிற கதை வேண்டும். அதோடு நம் ஊர்க் கிழவிகள் முதல் சண்டையிலேயே கேட்டுவிடுவார்கள், "இவன் சோத்துக்கு என்ன பண்ணான்?" என்று. அலைந்து திரியும் வீரர் கதைகள் அதற்கு மட்டும் பதிலே சொல்லாது.

நிஜத்தில் அலைந்தவர்களுக்குச் சோறுதான் முதல் கேள்வி. நிலமெல்லாம் பெரும்பாலும் மூத்தவனுக்குப் போய்விடும். தம்பிகள் ஒரு குதிரையும் ஒரு கத்தியுமாக, நாலு கூட்டாளிகளோடு போட்டிக்குப் போட்டி சுற்றுவார்கள், ஏதாவது பிரபு நிலம் கொடுக்கும் வரை, அல்லது சொத்துள்ள பெண் அமையும் வரை. அப்படி ஒரு தம்பிதான் வில்லியம் மார்ஷல். 1147-ஐ ஒட்டிப் பிறந்து 1219-ல் செத்தவர். அவர் கதையை அவர் மகன் 19,000 வரிக்கும் மேற்பட்ட பிரெஞ்சுச் செய்யுளாகப் பாட வைத்தான், சபையில் உட்கார்ந்து கேட்பதற்காக. ஏற்கெனவே பாட்டாக இருந்ததைத்தான் நாம் மறுபடியும் பாட்டாக்குகிறோம். அதனால் இவரை எடுங்கள், இவரை மட்டும் எடுங்கள்.

வில், குடம், உடுக்கு, தாளம், கட்டை பற்றி நான் பாடம் நடத்தப்போவதில்லை. உங்கள் ஊர்க் கொடைக்கு வருகிற செட்டைப் பிடியுங்கள், கதையை எழுதி அண்ணாவியிடம் (செட்டின் தலைமைப் பாடகர்) கொடுங்கள், அவர் மெட்டுக்குள் உட்கார வைத்துவிடுவார். சித்திரையிலும் ஆடியிலும் மட்டும் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தலைக்கு மேல் கொடை இருக்கும். காப்பு, குருவணக்கம், அவையடக்கம் மூன்றையும் வழக்கம்போல அவர்களே பாடட்டும், அதில் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

உங்கள் வேலை நாட்டு வளத்தில் தொடங்குகிறது. வழக்கமாக அந்த இடத்தில் பொருநை பாயும், வாளை துள்ளும், நெல் விளையும். இங்கே அதைத் தலைகீழாகப் போடுங்கள். மார்ஷல் பிறந்தபோது இங்கிலாந்தில் ஸ்டீபன் ராஜாவுக்கும் மெட்டில்டாவுக்கும் அரியணைச் சண்டை. ஊருக்கு ஊர் கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள் குடியானவனைப் பிழிந்தார்கள். கிறிஸ்துவும் புனிதர்களும் தூங்கிவிட்டார்கள் என்று மக்கள் புலம்பியதாக அக்காலத் துறவி ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே விளையாத வயலைப் பாடுங்கள், ஏர் பூட்டாத மாட்டைப் பாடுங்கள். வளம் வருமென்று காத்திருக்கிற கூட்டம் இந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

வீரநெறி என்ற பேச்சையும் இங்கேயே நுழைத்துவிடலாம், பின்னால் தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்காது. குதிரையில் வந்தவர்கள்தான் குடியானவனின் முதல் தொல்லை. 989-ல் பிரான்சில் ஷாரூ என்ற ஊரில் ஆயர்கள் கூடி, ஏழையின் ஆட்டையும் மாட்டையும் கழுதையையும் பிடித்துப் போகிறவனுக்குச் சாபம் என்று அறிவித்தார்கள். மாட்டைக் களவாண்டவர்களோடு பொருது செத்த முத்துப்பட்டன் கதை தெரிந்த ஊர் நம் ஊர். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் இன்றைக்கும் அவருக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறோம். அதனால் இந்த மாட்டு விஷயத்தை விளக்கவே வேண்டாம், ஒரு வரி போதும். மாட்டைப் பிடிக்கிறவனிடமே கத்தியைக் கொடுத்து "நீயே காவல் பாரு" என்று திருச்சபையும் கவிஞர்களும் இருநூறு முந்நூறு வருசம் பேசிப் பேசி உருவாக்கியதுதான் வீரநெறி. பலவீனரைக் காப்பாற்று, சொன்ன சொல் தவறாதே, சரணடைந்தவனைக் கொல்லாதே, அள்ளிக் கொடு. காவலுக்குக் கூலியும் உண்டு. பாளையக்காரர் காலத்துக் காவல் வரியை வைத்து ஒரு கிண்டல் வரி போட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

அப்புறம் பிள்ளை. 1152-ல் மார்ஷலின் அப்பா ஜான், ஸ்டீபன் ராஜாவிடம் கோட்டையைத் தருகிறேன் என்று சொல்லி, ஐந்தாறு வயதுப் பையனைப் பிணையாக அனுப்பிவிட்டுக் கோட்டையைக் கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டார். பையனைத் தூக்கில் போடுவோம் என்றார்கள். இப்படி எழுதலாம்:

அஞ்சு வயசுப் பாலகனாம் — ஆமா
அப்பன் வச்ச பிணையலாம் — ஆமா
கோட்டைக்குள்ளே அப்பன் நிக்கான் — ஆமா
கொலைமரத்தில் கயிறு தொங்குது — ஆமா

"அண்ணாவி, பிள்ளையத் தூக்குல போடப் போறாவளே, அப்பன் என்ன சொன்னாரு?"
"'சுத்தியலும் பட்டடையும் எங்கிட்ட இருக்கு, இதவிட நல்ல பிள்ளையா அடிச்சு எடுத்துக்கிடுதேன்'ன்னாரு வே."
"யம்மாடி! இவரெல்லாம் ஒரு அப்பனா?"

சுத்தியலும் பட்டடையும் நான் இட்டுக்கட்டியவை இல்லை, அந்தப் பழைய செய்யுளிலேயே இருக்கின்றன. பட்டடை என்ற சொல்லை அழுத்தி இரண்டு முறை பாட வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. பையன் பயமே இல்லாமல் ஈட்டிக்காரனிடம் ஈட்டியை விளையாடக் கேட்டான், ராஜா மனசு இளகித் தூக்கிக்கொண்டு போய்விட்டார், பிறகு கூடாரத்தில் அவரே பையனோடு செடித் தண்டுகளை வைத்துக் கத்திச்சண்டை விளையாடினார். பெண்கள் பக்கம் பார்த்துப் பாட வேண்டிய இடம்.

வளர்கிற பருவத்தை இழுக்காதீர்கள். நார்மண்டியில் உறவுக்காரப் பிரபு வீட்டில் தங்கிப் பயிற்சி, தின்பதும் தூங்குவதுமாக இருந்ததால் அங்கே சாப்பாட்டுராமன் என்று பட்டப்பேர், 1166-ல் இடுப்பில் கத்தி கட்டி வீரனாக்கினார்கள், அவ்வளவுதான். ராத்திரி முழுக்கக் கோவிலில் கண்விழிப்பு, குளியல், வெள்ளை உடை, கழுத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவது என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் சடங்கெல்லாம் அவருடைய செய்யுளில் வராது. கேட்க நன்றாக இருக்கிறதே என்று அவர் தலையில் ஏற்ற வேண்டாம்.

முதல் சண்டையை விடவே கூடாது. நன்றாகச் சண்டை போட்டார், ஆனால் குதிரை செத்துப்போனது. ராத்திரி விருந்தில் ஒரு பெரிய மனிதர் "தம்பி, குதிரைக்குப் போடுற பழைய வார் ஒண்ணாவது எனக்குப் பரிசாத் தாயேன்" என்று கேட்கிறார். "என்கிட்ட ஏது?" என்கிறார் இவர். "இன்னைக்குக் குறைஞ்சது நாப்பதாவது உன் கைக்கு வந்திருக்கணுமே" என்றதும் சபையே சிரிக்கிறது. பிடித்தவனின் குதிரையையும் சேணத்தையும் எடுத்துக்கொள்ள மறந்த வீரன் மறுநாள் நடந்துதான் போக வேண்டும் என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். பட்டம் கட்டியபோது கொடுத்த மேலங்கியை 22 காசுக்கு விற்றுத்தான் சாமான் சுமக்க ஒரு குதிரை வாங்கினார். கதையின் முதுகெலும்பு இந்த இடம்தான். கிழவி கேட்ட சோற்றுக் கேள்விக்குப் பதில் இங்கிருந்து தொடங்குகிறது, அவசரப்படாமல் பாட விடுங்கள்.

அடுத்து போட்டிகள். இரண்டு பேர் நடுவில் வேலி கட்டிக்கொண்டு ஈட்டியோடு மோதுவதைத்தான் எல்லோரும் மனசில் வைத்திருப்பார்கள். அது பிற்காலத்து வழக்கம். மார்ஷல் காலத்தில் இரண்டு பெரும் படைகளாகப் பிரிந்து ஊருக்கும் ஊருக்கும் நடுவே வயல், தோட்டம், தெரு என்று பார்க்காமல் நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே உள்ள மொத்த இடமும் மைதானம் என்று சொல்லுங்கள், கூட்டத்துக்குச் சட்டென்று பிடிபடும். (அந்த வயல்காரன் கதி என்ன என்று ஆமாம் போடுகிறவர் கேட்கட்டும், அண்ணாவி பதில் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போகட்டும்.) கொல்வது நோக்கமில்லை, பிடிப்பதுதான் நோக்கம். பிடிபட்டவன் குதிரையையும் கவசத்தையும் கொடுக்க வேண்டும், அல்லது மீட்புப் பணம் கட்ட வேண்டும். மார்ஷலும் ரோஜர் என்ற கூட்டாளியும் பங்கு பேசிக்கொண்டு சுற்றியதில், பெந்தெகொஸ்தே பண்டிகை தொடங்கி அடுத்த தவக்காலத்துக்குள் 103 வீரர்களைப் பிடித்தார்கள் என்று எழுதி வைத்தவர் சமையல்கட்டுக் கணக்குப்பிள்ளை! திருச்சபை 1130-லேயே இந்தப் போட்டிகளைத் தடை செய்து, அதில் செத்தால் கல்லறையில் இடமில்லை என்றது. யாரும் கேட்கவில்லை, 1316-ல் அவர்களே தடையை எடுத்துவிட்டார்கள்.

ப்ளேர் என்ற ஊர்ப் போட்டி முடிந்ததும் ஒரு சீமாட்டி பரிசாகக் கொடுத்த பெரிய ஆற்றுமீனைப் பிரபுக்கள் "உங்களுக்கு", "இல்லை உங்களுக்கு" என்று கைமாற்றி, கடைசியில் மார்ஷலுக்குத்தான் தகும் என்று தேடுகிறார்கள். முதல் மரியாதைக்கு வெட்டுக்குத்து நடக்கிற நம் பக்கத்தில் இதைக் கேட்டால் சிரிப்பு தானாக வரும். ஆளைக் கண்டுபிடித்தது கொல்லன் பட்டறையில். அடிபட்டு நெளிந்த தலைக்கவசம் கழற்ற வராமல், பட்டடையில் தலையை வைத்துக் குனிந்திருக்கிறார், கொல்லன் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது அப்பன் பாட்டின் அதே மெட்டைத் திரும்ப எடுங்கள்:

அப்பன் சொன்ன பட்டடையாம் — ஆமா
மவன் தலையும் பட்டடையில் — ஆமா
அடிச்சு எடுத்த பிள்ளை இவன் — ஆமா
ஆத்துமீனு பரிசு இவனுக்கு — ஆமா

இனி எந்தப் பிரச்சினையும் இல்லாத வீரனாக அவரை மாற்றிவிடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வில்லுப்பாட்டில் நாம் பாடுகிற யாரும் சுத்தத் தங்கம் கிடையாது, வஞ்சம் உண்டு, கோபம் உண்டு, அதனால்தான் விடிய விடியக் கேட்கிறோம். பள்ளிக்கூட மேடை என்றதும் அவரை நீதிக்கதை ஆக்கத் தோன்றும். அப்போது இந்தச் சம்பவத்தைப் போடுங்கள். வழியில் ஒரு ஆணும் பெண்ணும் குதிரையில் போகிறார்கள், விசாரித்தால் அவன் மடத்தை விட்டு ஓடிவந்த துறவி, அவள் பெரிய வீட்டுப் பெண். "எதை வச்சுப் பிழைப்பீங்க?" என்கிறார். துறவி 48 பவுன் பணத்தைக் காட்டி, வட்டிக்கு விடுவோம் என்கிறான். வட்டிப் பணமா, பாவம் என்று அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு இருவரையும் போகவிட்டார், கூட்டாளிகளோடு அதில் விருந்தும் சாப்பிட்டார். அந்தச் செய்யுளுக்கு இது பெருமைக்குரிய செயல். "அண்ணாவி, இது தர்மமா, வழிப்பறியா?" என்று கேட்டுவிட்டு உடுக்கை நிறுத்துங்கள். கூட்டம் ஏதாவது சொல்லும், சொல்லட்டும், தீர்ப்பு நீங்கள் சொல்லாதீர்கள்.

நெறி நிஜமாகவே வேலை செய்த இடங்களும் உண்டு. 1168-ல் தொடையில் குத்துப்பட்டுப் பிடிபட்டுக் கிடந்தபோது, முகம் தெரியாத ஒரு பெண் ரொட்டிக்குள் துணிக்கட்டை ஒளித்துக் கொடுத்தாள், எலினார் ராணி பணம் கட்டி மீட்டார். 1183-ல் சாகக்கிடந்த அந்த ராணியின் மகன் இளைய ஹென்றி, தன் சிலுவை மேலங்கியை எருசலேம் வரை கொண்டுபோகச் சொன்னான், கொண்டுபோனார். 1189-ல் மார்ஷலின் வயதான அரசரை, தன் சொந்த அப்பாவான இரண்டாம் ஹென்றியை, விரட்டி வந்த இளவரசன் ரிச்சர்டு எதிரில் வருகிறான், கவசம்கூடச் சரியாக இல்லை, ஒரே குத்தில் கொன்றிருக்கலாம். ஈட்டியை இறக்கிக் குதிரையைக் குத்தினார், ஆளை விட்டார். சில வாரத்தில் அதே ரிச்சர்டு ராஜா. தலை போகும் என்று எல்லோரும் நினைக்க, பெரும் சொத்துக்காரி இசபெல்லைக் கட்டிக்கொடுத்தான். நாற்பதைத் தாண்டிய மாப்பிள்ளை, பதினேழை ஒட்டிய பெண், பத்துப் பிள்ளைகள்.

நடுவில் கூட்டம் சோர்ந்தால் கிளைக்கதைக்கு உல்ரிச் என்ற ஜெர்மன் வீரரைக் கூப்பிடுங்கள். 1227-ல் காதல் தெய்வம் வீனஸ் மாதிரிப் பெண் வேடம் போட்டு, சடை வைத்து, வெனிஸ் பக்கத்திலிருந்து பொஹீமியா எல்லை வரை ஊர்ஊராகப் போய், தன்னோடு மோதி ஈட்டி உடைப்பவனுக்கெல்லாம் தங்க மோதிரம் கொடுத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். செட்டில் சிரிப்புக் காட்டுகிறவர் ஒருவர் இருப்பார், அவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் நடந்த போர், 1217. மார்ஷல் இப்போது எழுபதை எட்டிய கிழவர், பிள்ளை ராஜாவுக்காக ஆட்சி நடத்துகிறவர், தலைக்கவசத்தை மறந்துவிட்டுக் குதிரையை விரட்டப்போய், கூட இருந்தவன் ஞாபகப்படுத்தினான். வெற்றி. பெரிய வீரர்களில் செத்தவர்கள் மிகச் சிலர், மற்றவர்கள் பிடிபட்டார்கள், மீட்புப் பணம் வருமல்லவா. ஊரைச் சூறையாடினார்கள், தப்பிப் படகேறிய பெண்களும் குழந்தைகளும் படகு கவிழ்ந்து மூழ்கினார்கள். அவர்களைப் பிடித்தால் மீட்புப் பணம் கிடையாது, நெறி அவர்கள் வரைக்கும் எட்டவில்லை. வெற்றிப் பாட்டுக்குப் பிறகு உடனே ஒப்பாரி மெட்டுக்கு இறங்குங்கள், குடத்தை மட்டும் அடியுங்கள்.

மேடைக்கு: வேடம் தேவையில்லை, ஆனால் பிள்ளைகள் ஆசைப்பட்டால் பிளைவுட்டில் ஒரு கேடயம் செய்து வில்லுக்கு முன்னால் சாத்தி வையுங்கள். மார்ஷலின் கேடயம் பாதி மஞ்சள், பாதி பச்சை, நடுவில் பின்னங்காலில் நிமிர்ந்த சிவப்புச் சிங்கம். ஒன்று சொல்கிறேன், நம் மாவட்டத்தில் இரண்டு நிறம் சேர்ந்தாலே இது யார் கொடி என்று பார்ப்பார்கள், கையில் கட்டுகிற கயிறு வரைக்கும் நிறம் பார்த்து அடித்துக்கொண்ட ஊர். அதனால் அவையடக்கத்திலேயே "இது எண்ணூறு வருசத்துக்கு முந்தைய இங்கிலாந்துக்காரர் கேடயம்" என்று சொல்லிவிடுங்கள், அதுவும் சிக்கல் என்றால் சிங்கத்தை மட்டும் வெள்ளைப் பலகையில் வரையுங்கள். யாராவது கவசம் போட்டே ஆக வேண்டுமென்றால் கோணிச்சாக்கில் வெள்ளி ஸ்பிரே அடித்தால் இரும்பு வளையச் சட்டை மாதிரித்தான் தெரியும். நிஜச் சட்டை பத்துப் பதினைந்து கிலோ இருந்தது, கத்தி ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம், ஆகவே அட்டைக் கத்தியைத் தூக்க முடியாமல் தூக்குவது போல நடிக்க வைக்காதீர்கள்.

சாவு. 1219 மே மாதம், படுக்கையில் கிடக்கிறார். பிடுங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்கிறார்கள். ஐந்நூறு வீரர்களைப் பிடித்தேன், அவர்கள் குதிரையையும் கவசத்தையும் எங்கே போய்த் திருப்புவேன், அதற்காக வாசல் சாத்தப்படுமென்றால் என்னால் ஆவது ஒன்றுமில்லை என்கிறார். வீட்டில் கிடக்கும் உயர்ந்த மேலங்கிகளை விற்று ஆத்துமாவுக்குச் செலவழிக்கலாமே என்கிறார் ஒரு குருவானவர். பெந்தெகொஸ்தே வருகிறது, என் ஆட்களுக்கு உடை கொடுக்க வேண்டும், வாயை மூடு என்கிறார் கிழவர். ஒரு காலத்தில் மேலங்கியை விற்றுக் குதிரை வாங்கியவர் இவர் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம், கேட்கிறவர்களே பிடித்துக்கொள்வார்கள். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம். வாழி பாடும்போது ஊரையும் மழையையும் பாடுங்கள், அவருக்கு வாழி வேண்டாம்.

முழுதாகப் பாடினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து, "இருபது நிமிசத்துல முடிங்கய்யா" என்று மேடைக்குப் பின்னாலிருந்து கை காட்டுவார்கள், அது எழுதி வைத்த மாதிரி நடக்கும். அப்போது உல்ரிச், ரொட்டி, எருசலேம், ரிச்சர்டு எல்லாவற்றையும் தயங்காமல் வெட்டுங்கள். பிணைப் பிள்ளை, விற்ற மேலங்கி, பட்டடை, துறவியின் பணம், லிங்கன் படகு, கடைசிப் படுக்கை, இந்த ஆறும் இருந்தால் கதை நிற்கும். துறவியின் பணத்தைத் தலைமையாசிரியர் வெட்டச் சொல்வார். அதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.